கொக்கடீல் மருந்தைத் துப்பிவிடுகிறது: 45 நாள் எப்படிக் கொடுப்பது?

கொட்டகலை வாசகி

வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று வயதைக் கடந்த சாம்பல் நிறக் கொக்கடீல் கிளி ஒன்று இருக்கிறது. தலையில் உள்ள கொண்டையை வைத்து அதைக் கொண்டையன் என்றே கூப்பிடுகிறோம். இரண்டு வாரங்களுக்கு முன்னர், விடியலில் கை விறைக்கும் குளிர் இருந்த நாட்களில், அது இறகுகளை உப்பிக்கொண்டு கூண்டின் மூலையிலேயே உட்காரத் தொடங்கியது. அடிக்கடி தும்மியது, ஒரு கண்ணில் நீர் வடிந்தது, எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி பச்சையாகிவிட்டது. குளிர் பிடித்திருக்கும் என்று நினைத்து இரண்டு நாட்களை வீணாக்கிவிட்டோம். பின்னர் அதைத் துளையிட்ட காட்போட் பெட்டியில் வைத்து ரயிலில் பேராதனைக்குக் கொண்டுசென்று மிருக வைத்தியரிடம் காட்டினோம். கிளிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று சந்தேகித்த அவர், டொக்சிசைக்ளின் கரைசலைத் தந்து, காலையும் மாலையும் 0.1 மில்லிலீற்றர் வீதம் 45 நாட்களுக்கு இடைவிடாமல் கொடுக்கச் சொன்னார்.

இன்று ஆறாம் நாள். உண்மையில் எத்தனை வேளை மருந்து உள்ளே போயிருக்கும் என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. சாப்பாட்டு விடயத்தில் கொண்டையன் முன்பிருந்தே பிடிவாதக்காரன். சூரியகாந்தி விதை, தினை, பச்சைக் கொச்சிக்காயின் விதை ஆகிய மூன்றைத் தவிர வேறு எதையும் தொட மாட்டான். முதல் இரண்டு நாள் தண்ணீரில் மருந்தைக் கலந்து வைத்தேன். அலகை நனைத்துத் தலையை உதறினான், பிறகு கிண்ணத்தின் பக்கமே போகவில்லை. வாழைப்பழத்தில் வைத்தேன், மிதித்துவிட்டுப் போனான். அயல்வீட்டு அக்கா சொன்னபடி குரக்கன் கூழில் கலந்தேன், ஓரத்தில் இரண்டு கொத்து கொத்திவிட்டு விட்டுவிட்டான். கடைசியில் தம்பி பிடித்துக்கொள்ள நான் சிரிஞ்சால் கொடுத்தேன். தம்பியின் விரலில் இரத்தம் வந்தது, மருந்தில் பாதி சுவரில் தெறித்தது. இப்போது சிரிஞ்சைக் கண்டாலே கூண்டின் பின்கம்பியில் தொற்றிக்கொண்டு பாம்புபோலச் சீறுகிறான். முன்பெல்லாம் என் தோளில் உட்கார்ந்து காதைக் கொறிப்பவன், இப்போது என் கையைக் கண்டாலே ஒதுங்குகிறான். இதுதான் எனக்கு அதிக வேதனை.

நிறை 92 கிராமிலிருந்து 83 கிராமாகக் குறைந்திருக்கிறது. கணவாய் ஓடு கூண்டிலேயே தொங்குகிறது, அதை மட்டும் விருப்பத்தோடு கொறிக்கிறான். வீட்டில் அம்மாவுக்கும் ஒரு வாரமாக இருமல் என்பதால், இரவில் பறவையைப் பார்ப்பதும் அம்மாவைப் பார்ப்பதுமாகப் பொழுது போகிறது. இப்படிப்பட்ட பறவைக்கு மருந்து கொடுத்துப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

இராகலைக் கிழவர்

மகள், உங்கள் தம்பியின் விரலுக்கு முதலில் மருந்து போடுங்கள். முப்பது வருடங்களுக்கு மேலாக லவ் பேர்ட்ஸ் வளர்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மருந்தைவிட முந்தியது சூடு. எங்கள் பக்கத்துக் குளிரில், நோயுற்ற பறவை தின்பதையெல்லாம் உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவழிக்கும், மருந்தோடு போராட அதனிடம் எதுவும் மிஞ்சாது. கூண்டின் மூன்று பக்கத்தையும் போர்வையால் மூடி, ஒரு பக்கத்தில் மட்டும் 40 வோற் குண்டு பல்பைக் கூண்டுக்கு வெளியே, துணியில் படாதபடி தொங்கவிடுங்கள். மற்றப் பக்கம் குளிராகவே இருக்கட்டும். பறவை தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தெரிவுசெய்யும். வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு செட்டைகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம். தயவுசெய்து கரிச்சட்டியை உள்ளே வைக்காதீர்கள். லயத்தில் இருந்த காலத்தில் ஒரே இரவில் நான்கு பறவைகளை அப்படி இழந்தவன் நான். விறகடுப்புப் புகையும் நுளம்புச் சுருளும் அந்த அறைக்குள் வரவே கூடாது.

தண்ணீரில் மருந்து கலப்பது எனக்கும் பிடிக்காத வேலை. நான் செய்வது வேறு: குரக்கன் கூழைக் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சி, அதில் கித்துள் பாணி ஒரு துளி விட்டு, மருந்தைச் சேர்த்து, உளுந்தளவு உருண்டையாக்கி வைப்பேன். உங்கள் கூழ் தண்ணீராக இருந்திருக்கலாம். பாணியின் இனிப்பு வேலைசெய்யும். இன்னும் ஒரு முறை முயன்று பாருங்கள்.

பேராதனை மாணவி

வணக்கம் அக்கா. நான் மிருக வைத்தியம் படிக்கும் மாணவி, வைத்தியர் அல்ல. ஆகையால் மருந்தின் அளவைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். கொடுக்கும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அம்மாவைப் பற்றி. கிளிக்காய்ச்சலை உண்டாக்கும் கிளமிடியா சிற்றாசி என்ற கிருமி, உலர்ந்த எச்சத்தின் தூசியோடு மூச்சில் புகுந்து மனிதருக்கும் தொற்றும். அது காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று தொடங்கி நுரையீரல் அழற்சி வரை போகக்கூடியது. அம்மாவை இன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் கிளிக்காய்ச்சல் சந்தேகத்தோடு ஒரு பறவைக்கு வைத்தியம் நடக்கிறது என்பதை நீங்களாகவே சொல்ல வேண்டும், கேட்டால்தான் சொல்வது என்று இருந்துவிடாதீர்கள். கூண்டின் தாளை மாற்றும்போது முகக்கவசம் அணிந்து, எச்சத்தின்மேல் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே எடுங்கள். உலர்ந்த கூண்டைத் தும்புத்தடியால் பெருக்கக் கூடாது.

இராகலை ஐயா சூடு பற்றிச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. குரக்கன் விடயத்தில் மட்டும் மரியாதையோடு மறுக்கிறேன். டொக்சிசைக்ளின் கல்சியத்தோடு சேர்ந்தால் இரண்டும் பிணைந்து, குடலால் உறிஞ்ச முடியாத ஒன்றாகிவிடும். தானியங்களிலேயே கல்சியம் மிகுந்தது குரக்கன்தான், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கும் அதிகமாக இருக்கிறது. ஐயா வேறு மருந்துகளை அப்படிக் கொடுத்திருந்தால் அவை வேலைசெய்திருக்கும். இந்த மருந்தை மட்டும் குரக்கனில் ஒளித்தால், பறவை முழுவதையும் தின்றாலும் பயன் குறைந்துவிடும். பாலும் அப்படித்தான், தவிரவும் பறவையால் பாலின் சீனியைச் செரிக்க முடியாது. உங்கள் கூண்டில் தொங்கும் கணவாய் ஓடு அநேகமாகக் கல்சியம் காபனேற்றுத்தான். மருந்து துப்பப்பட்டது பாதிக் கதை என்றால், உள்ளே போனதையும் அந்த ஓடு தடுத்துக்கொண்டிருந்தது மற்றப் பாதி. அதையும் முட்டை ஓடு, கனிமக் கட்டி எவை இருந்தாலும் அவற்றையும் இன்றே எடுத்துவிட்டு, வைத்தியருக்குத் தொலைபேசியில் அறிவியுங்கள். கித்துள் பாணியும் வேண்டாம். நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கும் காலத்தில் தீன்பையில் பூஞ்சணம் வளர இடமிருக்கிறது, சீனி அதற்குத் தீனி.

தண்ணீரில் கலப்பது ஏன் சரிவரவில்லை என்றால், கொக்கடீல் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிலிருந்து வந்த பறவை, சிறிதளவு தண்ணீரோடு சமாளித்துக்கொள்ளும். நமது குளிரில் அது குடிப்பது மேலும் குறையும். எவ்வளவு குடித்தது என்று தெரியாவிட்டால் எவ்வளவு மருந்து போனது என்றும் தெரியாது. மருந்தின் கசப்பால் குடிப்பதையே நிறுத்தினால், நோயோடு நீரிழப்பும் சேர்ந்துகொள்ளும். விதையின்மேல் மருந்தைப் பூசுவதும் பயனற்றது. கொக்கடீல் உமியை உரித்து வீசிவிட்டு உள்ளே உள்ள பருப்பை மட்டுமே தின்னும், மருந்து உமியோடு கூண்டின் அடியில் கிடக்கும்.

ஆகவே, வாய்வழி சிரிஞ்சுதான் நம்பகமான வழி. இன்சுலின் சிரிஞ்சு வாங்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவற்றின் ஊசி கழராது, கோடுகளும் மில்லிலீற்றரில் இருக்காது. பாமசியில் ஊசி தனியாகக் கழரும் 1 மில்லிலீற்றர் சிரிஞ்சு கேட்டு வாங்குங்கள். அதில் 0.01 வரை கோடு இருக்கும். பிடிப்பதற்குக் குளியல் துவாய் வேண்டாம், அதன் நூல் வளையங்களில் நகம் மாட்டும். பழைய பருத்திச் சாரத்தின் துண்டு போதும். முதுகுப் பக்கமிருந்து மூடி, பெருவிரலும் சுட்டுவிரலும் தாடையின் இரு பக்கமும் வரும்படி தலையைத் தாங்கிப் பிடிக்கட்டும் தம்பி. மார்பை அமுக்கவே கூடாது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு பறவைக்கு இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதனால் மூச்சுவிட முடியும். இறுக்கிப் பிடித்தால் நாம் அறியாமலே மூச்சை நிறுத்திவிடுவோம்.

பறவையை நிமிர்த்திய நிலையிலேயே வைத்திருங்கள், மல்லாக்காகப் படுக்கவைக்காதீர்கள். சிரிஞ்சின் நுனியைப் பறவையின் இடப்பக்க வாயோரத்தில் வைத்து, அதன் வலப்பக்கத்தை நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். நாக்கின் அடிப்பாகத்துக்குச் சற்றுப் பின்னால்தான் மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கிறது. நேர்முன்னால் வேகமாகத் தள்ளினால் மருந்து நுரையீரலுக்குப் போகலாம். 0.1 மில்லிலீற்றர் என்பது ஏறக்குறைய இரண்டு சொட்டு. ஒரு சொட்டு விடுங்கள், நாக்கு அசைந்து விழுங்குவதைப் பாருங்கள், பிறகு அடுத்ததை விடுங்கள். மூக்குத் துளையில் நுரை வந்தாலோ இருமினாலோ உடனே கீழே விட்டுவிடுங்கள். மிச்ச மருந்து அன்று போகாவிட்டாலும் பரவாயில்லை. தவறிய வேளைக்காக அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது.

ஒரு சிறு குறிப்பு: மருந்தை இழுத்த பிறகு சிரிஞ்சின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடையுங்கள். பல பறவைகள் கசப்பை முதலில் அறிவது அந்த வெளி ஈரத்தில்தான். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் மருந்தென்றால், சிரிஞ்சை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் மூடி வைத்துக் குளிரை நீக்குங்கள்.

பண்டாரவளைக்காரி

தங்கச்சி, மேலே எழுதிய பிள்ளை உடம்பைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் கொண்டையனின் மனதைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் கொக்கடீலுக்குக் கால் வீக்கத்துக்காகப் பல நாட்கள் வாய்வழி மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. முதல் வாரம் உங்கள் வீட்டில் நடந்ததேதான் எங்கள் வீட்டிலும் நடந்தது.

நான் செய்த பிழை, அன்பு காட்டிய கையாலேயே பிடித்ததும் மருந்து ஊற்றியதும். பறவைக்கு ஆளும் இடமும் பொருளும் நன்றாக ஞாபகம் இருக்கும். நீங்கள் இனிமேல் பிடிக்கவே வேண்டாம், மருந்து ஊற்றவும் வேண்டாம். தம்பி பிடிக்கட்டும், வீட்டில் உள்ள வேறொருவர் ஊற்றட்டும். அதையும் கூண்டு இருக்கும் அறையில் செய்யாமல், கதவை மூடக்கூடிய வேறொரு சிறிய அறையில், எப்போதும் அதே மேசையில் செய்யுங்கள். முடிந்தவுடன் நீங்கள் அவனை வாங்கிக்கொண்டு, சன்னலோரத்துக்குப் போய், அவனுக்குப் பிடித்ததைக் கொடுங்கள். மருந்து ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும். முன்னாலே எல்லாவற்றையும் தயாராக வைக்காமல் பறவையைப் பிடித்துக்கொண்டு போத்தலைத் தேடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இருந்தது. அதை நிறுத்தியதிலேயே பாதிப் போராட்டம் குறைந்துவிட்டது.

அதே நேரத்தில், வேறொரு வேளையில், வேறு நிறத் தண்டுள்ள இரண்டாவது சிரிஞ்சு ஒன்றை நண்பனாக்குங்கள். முதல் நாள் அதைச் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சும்மா வைத்தேன். அடுத்த நாள் அதன் நுனியில் ஒரு தினைக் கதிரைக் கட்டி நீட்டினேன். மூன்றாம் நாள் பேரிக்காயைப் பிழிந்து அந்தச் சாற்றை ஒரு சொட்டு நுனியில் நிற்கவிட்டேன். அவள் முதலில் நக்கவில்லை, மூக்கைச் சுளித்தாள். ஐந்தாம் நாள் நக்கினாள். எட்டாம் நாள் சிரிஞ்சைக் கண்டதும் கம்பியில் ஓடிவந்தாள். அதற்குப் பிறகுதான் சாற்றுக்குப் பதிலாக மருந்தையும், மருந்துக்குப் பின்னால் உடனே சாற்றையும் கொடுத்தேன். இந்தப் பழக்கம் பிடிபடும் வரை மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடக்க வேண்டும். பொறுமையற்றவர்கள் மூன்றாம் நாளே மருந்தைச் சாற்றில் கலந்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் சாறும் கசப்பின் அடையாளமாகிவிடும்.

உங்களிடம் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது, கொச்சிக்காய். நமக்கு எரிகிற உறைப்பு பறவைக்கு எரிவதில்லை. உறைப்புக்குக் காரணமான கப்சைசின் பாலூட்டிகளின் நரம்பில் உள்ள ஏற்பியைத்தான் தூண்டும், பறவைகளுடையதை அசைப்பதில்லை. காட்டில் மிளகாய் விதையைப் பரப்புகிறவையே பறவைகள்தான். ஆகையால் கொண்டையனுக்குக் கொச்சி விதை, நம் குழந்தைக்கு இனிப்பு மாதிரி. அதை நாள் முழுவதும் கிண்ணத்தில் போடுவதை நிறுத்துங்கள். மருந்துக்குப் பின்னால் மட்டும், உங்கள் கையிலிருந்து மட்டும் கிடைக்கட்டும். வெட்டிய கையால் உங்கள் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள். நான் தொட்டிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. மென்மையான பழம் ஏதாவது கொடுத்துப் பார்க்கலாம் என்று தோட்டத்து வெண்ணெய்ப்பழத்தை எடுத்துவிடாதீர்கள். நமது பக்கத்தில் எல்லா வேலியோரத்திலும் காய்த்துத் தொங்குகிறது, ஆனால் அதில் உள்ள பேர்சின் என்ற பொருள் பறவையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும்.

வெலிமடை அண்ணன்

இவ்வளவு பாடு எதற்கு? கோழிக்கு விற்கிற 10% என்றொஃப்ளொக்சசின் போத்தல் விவசாயக் கடைகளில் கிடைக்கும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் ஒரு வாரத்தில் சுகமாகிவிடும். 45 நாள் என்பது வீண் செலவு.

பேராதனை மாணவி

அண்ணா, கணக்கைப் பாருங்கள். 10% என்றால் 1 மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம். ஒரு சொட்டு 0.05 மில்லிலீற்றர் என்றால் அதில் 5 மில்லிகிராம் இருக்கிறது. அது 83 கிராம் பறவைக்குள் போனால் கிலோகிராமுக்கு 60 மில்லிகிராம், வழக்கமாக எழுதப்படும் அளவைப் போல் சில மடங்கு. ஆயிரக்கணக்கான கோழிகளின் தண்ணீர்த் தாங்கிக்காகச் செய்யப்பட்ட போத்தல் அது. தண்ணீரில் விட்டால் பறவை குடிக்கும் அளவைப் பொறுத்து மருந்து மிகக் குறையவோ மிகக் கூடவோ போகும், இடையில் நிற்பது தற்செயல்தான்.

45 நாளுக்கும் காரணம் இருக்கிறது. இந்தக் கிருமி பறவையின் உயிரணுக்களுக்கு உள்ளே ஒளிந்திருக்கும், அது பெருகும் நேரத்தில்தான் மருந்து அதைத் தடுக்கும். வெளி அறிகுறிகள் ஒரு வாரத்தில் மறைந்துவிடலாம். அப்போது நிறுத்தினால் நல்லாயிருப்பதுபோல் தோன்றும் பறவை தொடர்ந்து கிருமியை எச்சத்தில் வெளியேற்றும், அந்த வீட்டில் ஒரு தாயாரும் இருமிக்கொண்டிருக்கிறார்.

கொட்டகலை வாசகி

அனைவருக்கும் நன்றி. அம்மாவை அன்று மாலையே காட்டினோம். பறவையைப் பற்றிச் சொன்னதும் வைத்தியர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள், அம்மாவுக்கும் டொக்சிசைக்ளின்தான் எழுதினார்கள். மிருக வைத்தியரிடமும் பேசினேன். கணவாய் ஓட்டை எடுத்துவிட்டு, அன்றைய தினத்தையே முதலாம் நாளாக வைத்து 45 நாளைப் புதிதாக எண்ணச் சொன்னார். ஆறு நாட்கள் போனது போனதுதான்.

இப்போது நான்காம் நாள். தம்பி பிடிக்க, அப்பா ஊற்றுகிறார். தோட்டத்தில் மாடு வளர்த்த கை என்பதால் பதற்றமில்லை. ஆறு வேளை முழுமையாகப் போயிருக்கிறது, ஒரு வேளை பாதி போனது. ஒரு சந்தேகம்: இன்று காலை மருந்து கொடுத்து அரை மணி நேரத்தில் கொண்டையன் தலையை ஆட்டி ஆட்டி இரண்டு விதைகளையும் கொஞ்சம் மஞ்சள் நீரையும் கக்கிவிட்டான். மறுபடி கொடுக்கட்டுமா?

பேராதனை மாணவி

கொடுக்காதீர்கள் அக்கா. எவ்வளவு உள்ளே தங்கியது என்று தெரியாதபோது மறுபடி கொடுப்பது ஆபத்து. டொக்சிசைக்ளின் சில பறவைகளுக்குக் குமட்டலை உண்டாக்கும். ஒரு முறை என்றால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வந்தால் அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தின் வடிவத்தையோ மாற்றுவது அவர் முடிவு. வெறும் வயிற்றில் கொடுக்கிறீர்கள் என்றால், காலையில் பத்து நிமிடம் தினை தின்னவிட்டுப் பிறகு கொடுத்துப் பாருங்கள். பசித்தால் வாயைத் திறக்கும் என்று பட்டினி போட வேண்டாம், இந்த அளவுப் பறவை பட்டினியைத் தாங்காது. நிறையை நாள்தோறும் ஒரே நேரத்தில், முதல் தீனிக்கு முன்னர் அளந்து எழுதுங்கள். 80 கிராமுக்குக் கீழே போனால் காத்திருக்காமல் நேரில் கொண்டுவாருங்கள்.

இராகலைக் கிழவர்

குரக்கனைப் பற்றி அந்தப் பிள்ளை சொன்னதை நான் இரண்டு முறை வாசித்தேன். பல வருடங்களுக்கு முன் வரிசையாகச் செத்த என் பறவைகள் சிலவற்றுக்கும் இதே மஞ்சள் மருந்தைத்தான் கூழில் உருட்டிக் கொடுத்தேன் என்று ஞாபகம். அது தெரியாமல் செய்தது. மகள், பல்பை விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு தடவை எழும்பிப் பாருங்கள், எங்கள் பக்கத்தில் குளிர் கூடுகிற நேரம் அதுதான். மின்சாரம் நின்றுவிட்டால் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் கூண்டின் பக்கத்தில் வையுங்கள்.

கொட்டகலை வாசகி

இன்று பத்தொன்பதாம் நாள். எழுதத் தாமதித்ததற்கு மன்னிக்கவும்.

தினை தின்ற பிறகு கொடுக்கத் தொடங்கியதும் கக்குவது நின்றுவிட்டது. பண்டாரவளை அக்கா சொன்னபடி நீலத் தண்டுள்ள சிரிஞ்சில் பேரிக்காய்ச் சாற்றை வைத்துத் தனியாகப் பழக்கினேன். அவருடைய பறவைக்கு ஐந்து நாள் பிடித்தது, எங்கள் ஆளுக்குப் பதினொரு நாள். ஒன்பதாம் நாள் வரை அதைக் கண்டு சீறுவதும், நான் கொச்சிக்காயை எடுத்ததும் சீறலை மறப்பதுமாக இருந்தான். பிறகு நான் பேரிக்காயை விட்டுவிட்டு, கொச்சிக்காயின் உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையை நசுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் சிரிஞ்சில் இழுத்து நீட்டினேன். அப்பா இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார். கொண்டையன் நுனியைக் கவ்விக்கொண்டு விடவில்லை.

மிருக வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு, பதினைந்தாம் நாளிலிருந்து மாலை வேளை மருந்தைப் பிடிக்காமலே கொடுக்கிறேன்: முதலில் கொச்சித் தண்ணீர் ஒரு சொட்டு, பிறகு மருந்து, உடனே மறுபடி கொச்சித் தண்ணீர். மருந்தின்போது தலையை ஒரு முறை உதறுகிறான், ஆனால் விழுங்கிவிடுகிறான். காலை வேளைக்கு இன்னும் சாரத்துண்டு வேண்டியிருக்கிறது. காலையில் அவனுக்கு எவர்மேலும் நம்பிக்கை இல்லை.

அம்மாவின் இருமல் குறைந்திருக்கிறது. முதல் நாள் மாத்திரையைப் பால் தேநீரோடு விழுங்கப் போனவரை, கணவாய் ஓட்டு ஞாபகம் வந்து நான்தான் தடுத்தேன். பிறகு அந்த உறையிலேயே பாலோடு எடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்ததைப் பார்த்தோம். இப்போது மாலையில் இருவரும் ஒரே நேரத்தில்தான் மருந்து எடுக்கிறார்கள். முகம் சுளிப்பவர் அம்மா மட்டும்.

இன்று காலை நிறை 88 கிராம். எச்சத்தில் பச்சையாகியிருந்த பகுதி மறுபடி வெள்ளையாகிவிட்டது. கடைசியாக ஒரு கேள்வி: 45 நாள் முடிந்ததும் கணவாய் ஓட்டை உடனே தொங்கவிடலாமா, பழைய கூண்டை என்ன செய்வது?

பேராதனை மாணவி

மறுபரிசோதனைக்குக் கொண்டுவரும் நாளில் வைத்தியர் மருந்து முடிந்தது என்று சொன்ன பிறகே ஓட்டைத் தொங்கவிடுங்கள். பழையதை வேண்டாம், அதில் எச்சம் பட்டிருக்கும், புதியது வாங்குங்கள். அவன் உட்காரும் மரக் குச்சிகளையும் தும்பு விளையாட்டுப் பொருட்களையும் எரித்துவிடுங்கள், அவற்றைச் சுத்தம் செய்ய முடியாது. உலோகக் கூண்டை முதலில் சவர்க்காரத் தண்ணீரால் அழுக்குப் போகக் கழுவி, பிறகு ஒரு பங்கு வெளிற்றும் திரவத்துக்கு 32 பங்கு தண்ணீர் சேர்த்த கலவையில் பத்து நிமிடம் நனைய வைத்து, நன்றாக அலசி, வெயிலில் காயவிடுங்கள். அந்த நேரம் கொண்டையன் வேறு அறையில் இருக்கட்டும், அதன் நெடி அவன் நுரையீரலுக்கு ஆகாது. கொட்டகலையில் வெயில் கிடைக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள் அக்கா, ஈரக் கூண்டில் விட வேண்டாம்.